பழைய துப்பாக்கிக்குப் புதுக் கட்டை: ஈட்டி வேண்டாம், சீகை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பகுதியில் குன்னூர்க்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி, தோளில் வைத்துப் பிடிக்கிற மரப்பகுதியான கட்டை உடைந்து கிடந்ததாம். பர்னிச்சர் கடை ஒன்றில் கொடுத்து, ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தில் புதுக் கட்டை போட்டு, மெலமைன் பாலிஷ் அடித்து, தன் ஹோம்ஸ்டே வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். இரண்டே வாரத்தில் வேலை முடிந்துவிட்டது, பழைய துப்பாக்கி வைத்திருக்கும் நீலகிரிக்காரர்கள் எல்லோரும் இப்படிச் செய்து பார்க்கலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார். தாத்தா பொருளைப் பரணில் துருப்பிடிக்க விடாமல் வெளியே எடுத்தாரே, அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். யோசனையைத்தான் ஏற்க முடியவில்லை. நாலு பேர் அதை நம்பி இறங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நான் கோயம்புத்தூரில், லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் கட்டை வேலை மட்டும் பார்த்து ஓய்வு பெற்றவன். குழல், குதிரை (தட்டி வெடிக்க வைக்கிற சுத்தி), விசை எல்லாம் வேறு ஆள் பொறுப்பு. மரம் என்றால் என் பெஞ்சுக்கு வரும். சொந்த ஊர் கோத்தகிரி என்பதால் மலையிலிருந்து வரும் துப்பாக்கிகளை முதலாளி என் பக்கமே தள்ளிவிடுவார். மலையில் துப்பாக்கிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. குளிருக்காக ஏறி வந்த வெள்ளைக்காரர்கள் வேட்டையையும் கூடவே கொண்டுவந்தார்கள். சுட்டுத் தள்ளியதில் வேட்டைக்கு மிருகமே மிஞ்சாது என்ற நிலை வந்து, அவர்களே 1877-இல் சங்கம் வைத்து, 1879-இல் அதற்கென்று ஒரு சட்டமும் போட வேண்டியதாயிற்று. அவர்கள் விட்டுப்போனவை, எஸ்டேட்காரர்கள் வாங்கியவை, உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வருகிறது என்று லைசென்ஸ் எடுத்து வாங்கியவை என்று பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு அவற்றில் பாதிக்கு வேலையே இல்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குன்னூர்க்காரர் அதைத் தொடவே இல்லை. நூறு வருஷம் தாண்டிய துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மலையில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நூறு வருஷக் கணக்கு வருவது 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டத்தில். பழம்பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது அதில் முக்கியமான விஷயம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வயதை மட்டும் பார்த்து யாரையும் விடுவதில்லை. பழைய மாதிரியாக இருக்கட்டும், பழம்பொருள் மதிப்புள்ளதாக இருக்கட்டும், பழுதானதாக இருக்கட்டும், ரிப்பேர் செய்தாலும்கூடச் சுட முடியாது என்றால்தான் அதன் 45-ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. கட்டை மட்டும் உடைந்த துப்பாக்கி அந்தக் கணக்கில் சேராது. கட்டை போட்டால் அது மறுபடி சுடுமே!

அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கியை ரிப்பேர் செய்யவும், ரிப்பேருக்காகக் கையில் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும் என்கிறது. அப்படியானால் பர்னிச்சர் கடையில் ஒரு துப்பாக்கி இரண்டு வாரம் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கடைப் பையனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. கொண்டுபோய்க் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லைசென்ஸ் அவர் பெயரில்தானே இருக்கிறது? 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. தாத்தா வழியில் வந்தது என்று உரிமை கேட்கலாம், ஆனால் அந்த இரண்டுக்குள்தான் அதுவும் அடங்க வேண்டும்.

சுவரில் மாட்டுவது பற்றியும் ஒரு எச்சரிக்கை. மடக்கித் திறக்கிற துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வாய் வழியாக மருந்து கெட்டித்து, தட்டினால் பொறி விடுகிற கேப்பை மாட்டிச் சுடுகிற பழைய கேப்புத் துப்பாக்கியில் பார்க்க வழி இல்லை. பன்றி வரும் என்று கெட்டித்துச் சாத்தி வைத்திருப்பார்கள், பன்றி வந்திருக்காது, பெரியவர் காலமாகியிருப்பார். அந்த மருந்து இன்றைக்கும் உள்ளே இருக்கும். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை காலமானாலும் வெடிக்கும். என் பெஞ்சுக்கு வந்த கேப்புத் துப்பாக்கி எதையும் சோதிக்காமல் நான் தொட்டதில்லை. சோதனை சுலபம்தான். துப்பாக்கியின் வாய்க்கு நேராக யாரும் நிற்கக்கூடாது. ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெதுவாக இறக்கி, வாய் விளிம்பில் குச்சியில் ஒரு கோடு போட வேண்டும். குச்சியை வெளியே எடுத்துக் குழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கேப்பு உட்காரும் முளை வரைக்கும் குச்சி வந்தால் குழல் காலி. இரண்டு, மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே சரக்கு இருக்கிறது. அப்படி இருந்தால் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், லைசென்ஸ் உள்ள கடைக்குத் தகவல் சொல்லுங்கள். ஹோம்ஸ்டேக்கு வரும் குழந்தைகள் குதிரையை இழுத்து விளையாடுகிற உயரத்தில் இதை மாட்டி வைப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இனி மரத்துக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஈட்டி அழகான மரம், அதில் சண்டை இல்லை. கட்டிலுக்குப் போடுங்கள், ஊஞ்சலுக்குப் போடுங்கள். துப்பாக்கிக்கு அது கனம். ஒரு கன அடி ஈட்டி சுமார் 24 கிலோ வரும். அந்தத் துப்பாக்கிகளுக்கென்று ஐரோப்பாவில் போட்ட வால்நட் மரம் 18 கிலோவை ஒட்டி நிற்கும். நல்ல இரட்டைக்குழல் துப்பாக்கியைக் குழல் மடங்கும் கீலுக்கு அருகே ஒரு விரலில் வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். செய்தவன் முன்பாரமும் பின்பாரமும் பார்த்துத்தான் செய்திருப்பான். ஈட்டிக் கட்டை போட்டதும் பின்பக்கம் சாய்ந்துவிடும். சுடப்போவதில்லை, மாட்டத்தானே போகிறோம் என்பீர்கள். சரி, ஆனால் கையில் எடுத்துப் பார்க்கிறவனுக்கு அந்தத் துப்பாக்கி எப்படி இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். அது போக, ஈட்டி கெட்டியான மரம் என்றாலும் மெல்லிய விளிம்பில் சில்லுச் சில்லாகப் பெயரும். குதிரையை இயக்குகிற லாக் தகட்டைச் சுற்றி வருகிற மரமெல்லாம் மெல்லிய விளிம்புதான். ஈட்டிக்கென்றே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டம் போட்டதையும் மறக்க வேண்டாம். பழைய உத்திரம், பழைய கட்டிலின் மரச்சட்டம் இவற்றிலிருந்து எடுத்த மரமாக இருந்தால் சரி. இல்லையென்றால் மரம் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது குன்னூர்க்காரருக்கு நல்லது.

தேக்கு போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். தேக்கு நிலை, ஜன்னலுக்குச் சரி. வெயில் மழையில் அசையாது. ஆனால் திடீர் அதிர்ச்சி வந்தால் பிளந்து கொடுத்துவிடும். கட்டையில் மிக ஒல்லியான இடம் கழுத்து, அதாவது வலது கை பிடிக்கிற இடம். அங்கே நார் கொஞ்சம் குறுக்கே ஓடினாலும் தேக்கு தாங்காது. எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் ஒட்டுவதும் கஷ்டம். உளியையும் சீக்கிரம் மழுக்கிவிடும்.

வால்நட் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. உளியை எந்தப் பக்கம் போட்டாலும் சுத்தமாக வெட்டும், அதிர்ச்சியைத் தாங்கும், எண்ணெய் குடித்து நிறம் ஏறும். காஷ்மீரில் விளைகிறது. ஆனால் அங்கே 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அந்த மரத்தை வெட்ட முடியாது. அதனால் கட்டைக்கு ஆகும் தடித்த பலகை தெற்கே வந்து சேர்வது அபூர்வம். மர மண்டியில் ‘ஈஸ்ட் இந்தியன் வால்நட்’ என்று காட்டினால் ஏமாற வேண்டாம், அது நம் வாகை மரம். வாகை மோசமில்லை, வால்நட் விலை கொடுத்து வாங்கத்தான் கூடாது.

இப்போது நம் மலைக்கு வருவோம். சீகை, அதாவது வாட்டில் மரம், என்றால் நீலகிரியில் யாருக்கும் பிடிக்காது, சரிதான். ஆங்கிலேயர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது, புல்வெளியையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதை அகற்றச் சொல்லி நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது, அரசும் 2022-இல் அயல் தாவரங்களுக்கென்று கொள்கை வெளியிட்டது. வெட்டட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சீகையில் மூன்று வகை இங்கே இருக்கிறது. இரண்டு வகைக்கு இலை பொடிப்பொடியாக இருக்கும். ஒன்றின் பட்டை தோல் பதனிடப் போகும், மரம் விறகுக்குப் போகும். மூன்றாவது வகைக்கு இலை நீளமாக, லேசாக வளைந்து இருக்கும். பிளாக்வுட் என்று எஸ்டேட்காரர்கள் சொல்வது அதைத்தான். அது விறகு மரம் அல்ல. அதன் ஊரில் அதில் மேஜை நாற்காலி செய்கிறார்கள், கிதார் செய்கிறார்கள், துப்பாக்கிக் கட்டையும் செய்கிறார்கள். கன அடிக்கு அதுவும் ஏறக்குறைய 18 கிலோ, வால்நட் எடைதான். பொன் பழுப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை நிறம் இருக்கும். சில மரத்தில் குறுக்கே அலை ஓடும், எண்ணெய் பட்டால் அந்த அலை அசைகிற மாதிரி தெரியும். ஒரே தொல்லை, அதன் தூள். மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, சிலருக்குத் தோலில் அரிக்கும், மூச்சும் இழுக்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் அரம் போட வேண்டும்.

இந்த மரத்தில் கட்டை நிற்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக, நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். லைசென்ஸ் மகன் பெயரில். 12 போர், வெளியே குதிரை வைத்த இரட்டைக்குழல். குழலில் முறுக்கு வரி தெரிந்தது, இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிச் சுற்றிய பழைய டமாஸ்கஸ் குழல். அடியில் முட்டை வடிவத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்தும் மேலே கிரீடமும் இருந்தன. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரை அது. கிரீடம் சேர்த்தது 1893-இல், எனவே துப்பாக்கி அதற்குப் பிறகு வந்தது. ஏதோ ஒரு தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறார்கள். அங்கே மூலையில் மற்றத் துப்பாக்கிகளோடு சாத்தி வைத்திருந்தது சரிந்து, கழுத்தில் இரண்டாக முறிந்துவிட்டது. தேர்தல் முடிந்து திரும்பி வரும் துப்பாக்கிகளில் இப்படிக் கழுத்து முறிந்தவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டேஷனில் ஒரு மரச்சட்டம் அடித்து, வரிசையாக நிறுத்தி வைத்தால் போதும், பெரிய செலவில்லை.

அந்த அம்மா உடைந்த துண்டு ஒன்றையும் விடாமல் வேட்டித் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். வந்ததும் சொன்னார்: “ஆசாரியாரே, புதுசா பளபளன்னு இருக்கணும். பேரன் கல்யாணத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க.”

“பளபளன்னு வேணும்னா பீரோ வாங்கிக்கலாம், அம்மா. இது உங்க மாமனார் தோள்ல இருந்தது. அவர் வந்து பார்த்தாலும் இது என்னோடதுன்னு சொல்லணும்” என்றேன். மகன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

பழைய கட்டையை ஒட்ட முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். பழம்பொருள் என்றால் அதுதான் முறை. புது முறிவாக இருந்து, மரம் காய்ந்திருந்தால், பசை போட்டு, விசைக் காப்புக்கு அடியிலிருந்து ஒரு மரமுளை இறக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. இதில் அது நடக்கவில்லை. இரும்போடு சேருகிற வாய்ப்பக்கம் முழுவதும் எண்ணெய் ஊறிக் கருத்து, நகத்தால் கிள்ளினால் வந்தது. வருஷக்கணக்கில் குழல் மேலே இருக்கும்படி சாத்தி வைத்து, ஒவ்வொரு முறையும் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது அத்தனையும் வழிந்து மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. சாக்கட்டித் தூளை அசிடோனில் குழைத்துப் பூசினால் எண்ணெயை உறிஞ்சும். உறிஞ்சினாலும் போன பலம் திரும்பாது. துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்: எண்ணெய் போட்ட துப்பாக்கியைக் குழல் கீழே, கட்டை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள்.

மரம் அவர்கள் வீட்டிலேயே இருந்தது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் காற்றில் சாய்ந்த பிளாக்வுட் மரம். பட்டா நிலமானாலும் மலையில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் முறையாக வாங்கி, அறுத்து, அடுப்படிப் பரணில் அடுக்கி வைத்திருந்தார். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்பது மரம் காய்வதற்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. இது அதற்கும் பல மடங்கு காய்ந்திருந்தது. இரண்டரை அங்குலத் தடிப்புப் பலகையில், நார் கழுத்து வழியாக நெடுக ஓடிப் போகிற இடத்தைத் தேடி வரைந்தேன். பூ அலை எல்லாம் அடிப்பக்கம் வரட்டும், கழுத்தில் நேர் நார்தான் வேண்டும். அழகான அலையைக் கழுத்தில் கொண்டுவந்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது சீக்கிரமே உடையும்.

அளவு யாருக்கும் எடுக்கவில்லை. விசையிலிருந்து அடிக்கட்டை வரை நீளம், கன்னம் படுகிற மேடு குழல் மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே, வலது கைக்காரருக்காகக் கட்டை வெளிப்பக்கம் எவ்வளவு விலகுகிறது, எல்லாம் பழைய கட்டையே சொல்லும். துண்டுகளைத் தற்காலிகமாகக் கட்டி, பிளைவுட்டில் நிழல் மாதிரி வரைந்து வெட்டிக்கொண்டேன். மகன் உயரமான ஆள், கொஞ்சம் நீட்டிப் போடலாமே என்றான். மறுத்துவிட்டேன்.

பர்னிச்சர் வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். வெளி உருவத்தை முதலில் செதுக்கிவிட்டு, பிறகு உள்ளே குடைந்து இரும்பை நுழைத்தால், குழி பெரிதாகிவிடும். மிச்ச இடத்தில் பசையும் மரத்தூளும் அடைப்பார்கள். சரியான வரிசை தலைகீழ். மரம் சதுரக் கட்டையாக இருக்கும்போதே இரும்பை முழுவதும் உள்ளே உட்கார வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியே வாய்ச்சியும் அரமும்.

உட்கார வைப்பதற்கு மண்ணெண்ணெய் விளக்கு வேண்டும். திரியைத் தூக்கிவிட்டு, அந்தப் புகைக்கரியை இரும்பின் அடியில் படிய விடுவேன். இரும்பை மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கருப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கருப்பை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி அழுத்து, மறுபடி சீவு. தொடக்கத்தில் இரண்டு மூன்று புள்ளிதான் கருக்கும். வேலை முடியும்போது அடி முழுவதும் ஒரே சீராகக் கருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு நூல் அளவுதான் இறங்கியிருக்கும். பக்கத்து பெஞ்சுக்காரர் “இன்னும் விளக்குப் பூஜை முடியலையா?” என்று கேட்டுவிட்டுப் போவார். இதில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. சுடும்போது பின்னால் உதைப்பு வரும், அதை வாங்க வேண்டியது கட்டையின் வாயில் இருக்கும் அகலமான முகங்கள். மேலே கழுத்து வரை நீளுகிற வால் தகட்டின் நுனிக்குப் பின்னால் காகிதத் தடிப்பு இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் அந்த நுனியே ஆப்பாகி மரத்தைப் பிளக்கும். பழைய கட்டைகளில் வால் தகட்டுக்குப் பின்னால் முடி மாதிரி ஓடுகிற கீறல் எல்லாம் இதனால் வந்ததுதான்.

திருகாணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத் திருகாணிகளின் மரை இன்றைக்குக் கடையில் கிடைக்கிற எதற்கும் பொருந்தாது. காது தேய்ந்த திருப்புளியைப் போட்டுத் திருகித் தலையைச் சிதைத்துவிட்டால் மாற்று கிடையாது. ஒவ்வொரு திருகாணிக்கும் திருப்புளியைத் தேய்த்துப் பொருத்திக்கொண்டு கழற்ற வேண்டும், எது எந்த ஓட்டையில் இருந்தது என்று குறித்து வைக்க வேண்டும். குன்னூர்க்காரர் துப்பாக்கியில் புதுப் பித்தளைத் திருகாணி மின்னுகிறது என்று அவரே பெருமையாக எழுதியிருந்தார். பழசு என்ன ஆயிற்று என்று கடையில் கேட்டு வாங்கி வைக்கட்டும்.

கழுத்தில் வழுக்காமல் இருக்க வெட்டுகிற சாய்சதுரக் கட்டத்தை, பழைய கட்டை மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். அங்குலத்துக்கு எத்தனை கோடு, ஓரத்தில் எப்படி முடிகிறது, எல்லாம் காகிதத்தில் வந்துவிடும்.

கடைசியாக எண்ணெய். மெலமைன் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும், தை, மாசியில் காற்று காய்ந்துவிடும். மரம் இரண்டுக்கும் அசையும். மெலமைன் அசையாது, வெடிக்கும், வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய் வெள்ளை பூக்கும். சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிப்பதைத் தவிர வழி இல்லை. எண்ணெய் போட்ட கட்டையில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தேய்த்தால் போதும். முதலில் மரத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பி நிற்கிற நார்மயிரை உப்புத்தாளால் வழிக்க வேண்டும். மயிர் எழும்பாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்ட் லின்சீட் எண்ணெய், கொஞ்சமாக. உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காயும்வரை தொடக்கூடாது. மூடுபனிக் காலத்தில் காயவே காயாது, அதனால் மலைக் கட்டைகளுக்குக் கோடையில்தான் எண்ணெய் வைப்பேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, விரித்துக் காயப்போட்டோ வைக்க வேண்டும்.

பேரன் கல்யாணத்துக்குள் முடியவில்லை. வாங்க வந்தபோது அந்த அம்மா கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “பழசு மாதிரியே இருக்கு” என்றார், குறையா நிறைவா என்று தெரியாத குரலில். மகன் கீலுக்குக் கீழே ஒரு விரலை வைத்துத் தூக்கினான். நின்றது.

இந்தக் கட்டை போட்டதால் அந்தத் துப்பாக்கி சுடத் தகுதியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதையும் அவர்களிடம் சொல்லியே அனுப்பினேன். டமாஸ்கஸ் குழல் பெரும்பாலும் கரிமருந்துக்கென்று செய்தது. நம் அருவங்காடு தொழிற்சாலை 1903-இல் தொடங்கியதே கார்டைட் என்கிற புகையில்லா மருந்துக்காகத்தான். புகையில்லா மருந்து அடைத்த இன்றைய தோட்டாவைப் பழைய முறுக்குக் குழலில் போட்டால், அந்த அழுத்தம் தாங்காமல் குழல் பிளந்து இடது கை போகும். கட்டை புதிதாகத் தெரிவதால் துணிச்சல் வரும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். ஒன்று வனத்துறைக்கு. அகற்றுகிற சீகையில் மூன்று வகையையும் ஒன்றாக லாரியில் ஏற்றி விறகுக்கும் காகிதக் கூழுக்கும் அனுப்புவதற்கு முன், பிளாக்வுட் மரத்தின் அடித்தண்டை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டரை, மூன்று அங்குலப் பலகையாக அறுத்து, முனையில் மெழுகு பூசி, டிப்போவில் சில்லறையாக விலைக்குக் கொடுத்தால் ரசீதோடு வாங்க ஆசாரிகள் இருக்கிறார்கள். லாரி கணக்கில் ஏலம் விட்டால் எங்களைப் போன்றவர்கள் கிட்டவே வர முடியாது. கட்டைக்கு மட்டும் அல்ல, இழைப்புளிப் பிடி, வீணைக்கு உறுப்பு, நல்ல நாற்காலி என்று எதற்கும் ஆகும். ஈட்டி மேல் விழுகிற கண்ணும் கொஞ்சம் திரும்பும்.

இன்னொன்று லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரிகளுக்கு. மலையில் துப்பாக்கி ரிப்பேர் லைசென்ஸ் உள்ளவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருக்கிறது, சமவெளிக்கு இறங்க வேண்டும். உடைந்த கட்டையை மட்டும், இரும்பு எதுவும் இல்லாமல், உள்ளூர் ஆசாரியிடம் கொடுத்து அதே அளவில் முக்கால்வாசி செதுக்கி வாங்கலாமா, கூடாதா? சட்டத்தில் துப்பாக்கி என்றால் அதன் பாகங்களும் சேரும் என்று இருப்பதால் ஆசாரிகள் பயப்படுகிறார்கள், பயம் இல்லாதவர்கள் துப்பாக்கியையே கடையில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் நல்லதில்லை. என்ன எழுதிக் கொடுத்து, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, லைசென்ஸ் புதுப்பிக்க வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடலாம். கடைசிப் பொருத்தம் எப்படியும் லைசென்ஸ் உள்ள கடையில்தான் நடக்க வேண்டும், அதில் மாற்றம் வேண்டாம்.

குன்னூர்க்காரருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பழைய கட்டையை அடுப்பில் போட்டுவிட்டதாக அவர் எழுதவில்லை, அதனால் இன்னும் எங்கேயாவது கிடக்கும் என்று நம்புகிறேன். விசைக் காப்புக்கு அடியிலும், இரும்பு உட்காரும் குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். துப்பாக்கியின் எண்ணோ, கட்டை செய்தவனின் முதல் எழுத்தோ பல கட்டைகளில் குத்தியிருக்கும். அது இருந்தால் குழலும் கட்டையும் ஒரே பட்டறையிலிருந்து ஒன்றாக வந்தவை என்பதற்கு அதுவே அத்தாட்சி. துண்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு, லைசென்ஸ் எண் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டி, துப்பாக்கியோடேயே வையுங்கள். ஈட்டிக் கட்டையைக் கழற்றிவிட்டுச் சரியாகச் செய்ய வேண்டும் என்று உங்கள் மகனுக்கோ பேரனுக்கோ ஒரு நாள் தோன்றினால், செய்கிற ஆசாரிக்கு அளவு வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டை ஆசாரி,
கோத்தகிரி.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அச்சிட வேண்டாம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஆள் வந்துவிடுவார்கள்.)